விருந்தினர் எழுந்து போன பிறகு

அன்புள்ள மகன் பரிதிக்கு,

நீ அனுப்பிய குரல்செய்தியை உன் அம்மாவும் நானும் சேர்ந்து கேட்டோம். அடுத்த மாதம் துபாய்க்கு வருகிறாய் என்பதும், வாசிங்டனில் நீ பணியாற்றும் ஆய்வு நிறுவனத்தில் உனக்கு உயர்பதவி கிடைத்திருக்கிறது என்பதும் பெற்றவர் நெஞ்சைக் குளிர்விக்கும் செய்திகள். உன் அம்மா அப்போதே உனக்கு என்னென்ன சமைப்பது என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பின் வந்த சொற்கள்தாம் என் நெஞ்சில் தைத்தன. "அப்பா, அந்திரேய் அங்கிள்கூட ஒரு ஃபாலோ-அப் பண்ணணும். ஒரு மணி நேரம் போதும். நீங்க கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்" என்றாய். உண்மைதான். நான் கேட்டால் அவர் மறுக்க மாட்டார். முதல் முறை, உன் கட்டுரைக்காக, அவர் மறுக்காததற்கும் அதுவே காரணம். நீ கேட்ட அந்த ஒரு மணி நேரத்துக்கு விடையாகவே இந்த மடலை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் பேச வேண்டியதை நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரில் ஏன் அச்சேற்றுகிறீர்கள் என்று உன் அம்மா கேட்டாள். இந்த மலரைக் கையில் வாங்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் தம் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கின்றன. மீதி அனுப்பக் காத்திருக்கின்றன. உனக்கு நேர்ந்தது நாளை அவர்கள் பிள்ளைகளுக்கும் நேரலாம். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்திரேய் என்பது நான் அவருக்கு இட்ட பெயர். ஊரையும், அவர் தாயின் பணியையும், அடையாளம் காட்டிக் கொடுக்கக்கூடிய இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எவற்றையெல்லாம் என்று உனக்கும் சொல்ல மாட்டேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணியவன் நீ. அது போதாது என்பதை மிகப் பிந்தித்தான் நாம் இருவரும் கற்றோம்.

உருசியா தன் அண்டை நாட்டின் மீது போர் தொடங்கிய ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் அல் குசைசில் நான் மேற்பார்வையிடும் பட்டறையில் வந்து சேர்ந்தார். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. மின்தூக்கி என்று நான் எழுதுவதைக் கண்டால் அங்கே எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது லிஃப்ட். வந்த அன்றே சிவகங்கைப் பக்கத்து முத்துராமன் அவரை வம்புக்கு இழுத்தான். "பாய், உங்க ஊர்ல கரடி ரோட்ல நடக்குமாமே, நெசமா?" என்று அரைகுறை ஆங்கிலத்திலும் இந்தியிலுமாகக் கேட்டான். அந்திரேய் முகத்தில் சிரிப்பே இல்லை. "நடக்கும். டியூட்டிக்கு நேரமாகிவிட்டால் கரடி மேல்தான் போவோம். உங்கள் ஊரில் யானைக்கு லைசென்ஸ் உண்டா?" என்றார். பட்டறை அதிர்ந்தது. அன்று முதல் அவர் 'ரஷ்யா பாய்' ஆனார். ஏன் வந்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த மண்ணில் ஒருவரை ஒருவர் கேட்காத கேள்வி அது. ஒவ்வொருவனும் எதையோ விட்டுவிட்டு வந்தவன். அந்த 'எதையோ' அவனுக்கு உரியது. அவரைப் பற்றி நாங்கள் உறுதியாக அறிந்தது ஒன்றே ஒன்று. வோல்கா ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரில் அவருடைய தாய் தனியாக இருந்தார். இசைப்பள்ளியில் பியானோ கற்பித்து ஓய்வுபெற்றவர். கோடை வந்தால் மகன் அவரிடம் போக வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள சிறு தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டித் தர வேண்டும். குளிர்காலத்துக்கு வேண்டியவற்றைக் குப்பிகளில் அடைத்து வைக்க வேண்டும். முதல் கோடையில் போனார். வந்தபோது ஊறுகாய்க் குப்பி ஒன்றை உன் அம்மாவிடம் தந்தார். வெள்ளரிக்காய். உன் அம்மா அதைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள். அந்த ஆண்டுக் குளிர்காலத்தில்தான் நீ வந்தாய்.

நம் வீட்டில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ நினைவில் வைத்திருப்பதும் நான் நினைவில் வைத்திருப்பதும் வேறு வேறு. நீ இரண்டாண்டுகள் உருசிய மொழி கற்றவன். நான் அதில் ஒரு சொல்லும் அறியாதவன். வாழையிலையின் முன் அமர்ந்து, அப்பளத்தை உடைப்பதற்கே வருத்தப்படுபவர்போல் அந்திரேய் உண்டுகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. ஞாயிறுதோறும் அந்நேரத்தில் தாய் அழைப்பது வழக்கம். திரையில் நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக அந்தத் தாய் தோன்றினார். நீ குனிந்து அவருடைய மொழியில் வணக்கம் சொன்னாய். அந்த முகம் மலர்ந்ததை நான் கண்டேன். உன் உச்சரிப்பைப் புகழ்ந்தார் என்று நீயே எங்களுக்கு மொழிபெயர்த்தாய். பிறகு கேட்கத் தொடங்கினாய். அங்கே நிலைமை எப்படி, மக்கள் என்ன நினைக்கிறார்கள், போரைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். எல்லாம் நலம். தொலைக்காட்சி பார்க்கிறோம். மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். நாங்கள் நம்புகிறோம். நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு, சொற்கள் மறந்து போவதற்குள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று எழுந்து மாடத்துக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

மகனே, உரையாடல் அப்போதுதான் தொடங்கியது. அந்தத் தாய் திரைக்கு மிக அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு சொல்லில் ஏதோ கேட்டார். அந்திரேய் மாடத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். போய்விட்டானா என்றுதான் அந்த அம்மையார் கேட்டிருக்க வேண்டும். அதற்கு எந்த மொழியும் எனக்குத் தேவைப்படவில்லை. பிறகு அவர் பேசினார். நிறுத்தாமல் பேசினார். ஓரிடத்தில் அந்திரேய் வாய்விட்டுச் சிரித்தார். இன்னோரிடத்தில், சோறு ஒட்டிய கையை எடுக்க முடியாமல், இடக்கை மணிக்கட்டால் கண்களை அழுத்திக்கொண்டார். உன் அம்மா ஒன்றும் கேட்காமல் அவர் இலையில் இன்னோர் அப்பளத்தை வைத்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று வரை நான் கேட்கவில்லை. நீ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் திரையில் அந்தத் தாயின் முகம் நிமிர்ந்தது. அமெரிக்காவில் உனக்கு நல்ல சாப்பாடு கிடைக்கிறதா என்று வினவினார். அதையும் நீ மொழிபெயர்த்தாய்.

அடுத்த வேனிலில் உன் கட்டுரை வந்தது. அமெரிக்காவின் பெரிய இதழ். என் மகன் பெயர். அல் குசைசிலிருந்து அபுதாபி வரை நண்பர்கள் அழைத்து வாழ்த்தினார்கள். முதல் முறை படித்தபோது நானும் பெருமிதம் கொண்டேன். அதை மறைக்கப் போவதில்லை. மறுமுறை ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படித்தேன். அதில் ஒரு தாய் இருக்கிறாள். வோல்காக் கரையில் இன்ன ஊரில் பியானோ கற்பித்தவள். அரசுத் தொலைக்காட்சி சொல்வதை அப்படியே நம்புகிறவள். அதில் ஒரு மகன் இருக்கிறான். துபாயில் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். படைக்கு அழைப்பார்கள் என்று அஞ்சித் தப்பி ஓடியவன். கொடுங்கோன்மையை வெறுத்தும் வாய் திறக்கத் துணியாதவன். பொய்ப் பரப்புரை பிளந்து போட்ட ஒரு குடும்பம், அக்குடும்பமே அந்நாடு என்று முடித்திருந்தாய். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நீ எதையும் புனையவில்லை. அந்தத் தாய் சொன்ன சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன. அந்தத் தாய்தான் அதில் இல்லை.

தப்பி ஓடியவர் என்று எழுதினாயே, அடுத்த கோடையிலேயே அவர் தாமாக ஊர் போய்த் திரும்பியதை நீ அறியாயா? உன் அம்மா அந்த ஊறுகாய்க் குப்பியில் எஞ்சியதை உனக்கும்தானே பரிமாறினாள்? நீ அறிவாய். அறிந்தும் விட்டுவிட்டாய். அஞ்சி ஓடியவன் என்றோ அடிபணிந்தவன் என்றோ ஒருவன் இருந்தால்தான் உன் கட்டுரைக்குள் அடங்குவான். விடுப்பில் போய் உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு வேலைக்குத் திரும்புகிறவன் அடங்க மாட்டான். உன் அமெரிக்காவின் அறியாமை என்று நான் சொல்வது இதைத்தான். அந்த நாட்டில் நல்லவர் சிறையில் இருக்கிறார், தீயவர் அரண்மனையில் இருக்கிறார், எஞ்சிய கோடிக்கணக்கானவர் ஏமாந்த ஆடுகள் என்று அது எண்ணுகிறது. முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அழைத்து ஆட்சியை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால், எதிர்முனையிலிருந்து வருவது நெஞ்சின் குரல் என்று நம்புகிறது. அதைக் கூட்டிப் பெருக்கி ஒரு மக்களினத்தின் மனம் இதுதான் என்று அறிவிக்கிறது. வணிகத்தை முடக்கி வயிற்றில் அடித்தால் மக்கள் அரண்மனை மீது பாய்வார்கள் என்று கணக்குப் போடுகிறது. ஒருவரை அகற்றிவிட்டால் மறுநாள் காலை அங்கே இன்னோர் அமெரிக்கா விழித்தெழும் என்று கனவு காண்கிறது. நான் போரை ஞாயப்படுத்த இதை எழுதவில்லை. அது கொடிய போர். அண்டை நாட்டின் வீடுகள் மீது குண்டு வீசுவோரை எந்தத் தமிழாலும் நான் காக்க மாட்டேன். ஆனால் பகைவனைப் பற்றிய பொய்யும் பொய்யே. அந்தப் பொய்யின் மேல் கட்டிய எந்தக் கொள்கையும் ஓர் உயிரையாவது காத்ததாக நான் காணவில்லை.

உன் வயதில் நானும் அந்த நாட்டைத் தவறாகப் படித்தவன்தான். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு ஒரு வண்டி வரும். வழவழப்பான தாளில், பளபளப்பான படங்களோடு, மாஸ்கோவிலிருந்து அச்சாகி வந்த தமிழ் நூல்கள். அவற்றைப் படித்துவிட்டு, பசியற்ற நாடு, பிரிவற்ற நாடு, கண்ணீரற்ற நாடு என்று கல்லூரி மேடையில் முழங்கி முதற்பரிசு வாங்கினேன். இதை ஒருநாள் தேநீர் வேளையில் அந்திரேயிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் படித்த அந்த ரஷ்யாவுக்கு நானும் போக வேண்டும். விசா எங்கே கிடைக்கும்?" என்றார். பிறகு தம் சிறுவயதைச் சொன்னார். உன் அமெரிக்கர்கள் விடுதலைக் காலம் என்று கொண்டாடுகிறார்களே, பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த பின் வந்த அந்தப் பத்தாண்டுகளில் அவருடைய தந்தை வேலை செய்த கண்ணாடி ஆலையில் சம்பளத்துக்கு மாற்றாகக் குவளைகளைக் கொடுத்தார்களாம். அவற்றை நெடுஞ்சாலை ஓரத்தில் பரப்பி வைத்து, பனியில் நின்று, போகிற வண்டிகளை நோக்கிக் கைகாட்டுவாராம் தந்தை. விடுதலை என்ற சொல்லைக் கேட்டால் உன் ஆசிரியர்களுக்கு ஒளி தெரிகிறது. அந்திரேயின் தலைமுறைக்குப் பனியில் நின்ற அப்பா தெரிகிறார். இதையும் அவர் உன்னிடம் சொன்னார். உன் கட்டுரையில் அதற்கு இடம் இல்லை.

ஆயினும் அமெரிக்கர் மீது எனக்குச் சினம் இல்லை. அவர்கள் தெருவில் நின்று தம் தலைவரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உறங்குகிறவர்கள். வாயில் இருப்பதும் மனத்தில் இருப்பதும் ஒன்றே என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. என் சினமெல்லாம் உன் மீதுதான். நீ எங்கே வளர்ந்தாய், பரிதி? இந்த அல் குசைசில், இந்தக் கட்டடத்தில், மின்தூக்கிக்குள் நுழைந்ததும் பேச்சை மாற்றும் தாய்தந்தையரிடம் வளர்ந்தாய். பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றை நீ மின்தூக்கியில் உரக்கச் சொல்லத் தொடங்கினால், உன் அம்மா உன் கையை அழுத்தி, "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்யா" என்பாள். வாடகை வண்டியில் வானிலையைப் பேசுவோம். வீட்டில் தாழிட்ட பிறகு எல்லாவற்றையும் பேசுவோம். உன் தந்தையாகிய நான் முப்பதாண்டுகளாகத் துபாயிலும் ரூவியிலும் தோஹாவிலும் தமிழ் மேடைகளை அதிரவைத்தவன் என்கிறார்கள். என்ன தலைப்பில், எந்த வரம்புக்குள் பேசப் போகிறேன் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு அதிரவைத்தவன் நான். அதற்காக வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. சோறிட்ட மண்ணில் விருந்தினனாக வாழ்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை நான் காத்தேன். அந்த ஒழுங்கு நெஞ்சை எப்படி உள்ளிருந்து அரிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த மாணவியர் சிலர், தொழிலாளர் வாழ்க்கையை ஆராய வந்தவர்கள், முத்துராமனைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படி இருக்கிறது வாழ்க்கை என்று கேட்டார்கள். அவன் கைகட்டி நின்று, "எவ்ரிதிங் குட் மேடம். கம்பெனி குட். ரூம் குட். ஃபுட் வெரி குட்" என்றான். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும், கேம்ப்பில் ஏசி நின்று போன கதையையும், மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி மொட்டைமாடியில் படுத்த கதையையும், லீவு கேட்டபோது மேலாளர் சொன்ன பதிலையும் நடித்துக் காட்டினான். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாய். "முத்தண்ணே, அந்த மேடம் முன்னாடி நடிச்சீங்க பாருங்க, அதுக்கே அவார்ட் குடுக்கணும்" என்றாய். அவன் சிரிப்பை நிறுத்தாமலே, "நடிப்பு இல்ல தம்பி. வந்தவங்க போயிருவாங்க. நான் இங்கதான இருக்கணும்" என்றான். அந்த விடை அன்று உனக்கு விளங்கிற்று. முத்துராமன் முதலாளியை நம்பும் ஏமாளி என்று நீ எழுதியிருப்பாயா? மாட்டாய். அதே விடையை ஒரு பியானோ ஆசிரியை உருசிய மொழியில் சொன்னபோது மட்டும் ஏன் விளங்காமல் போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் களைத்துப்போனேன். எனக்குக் கிடைத்த விடை கசப்பானது. அங்கே போய் நீ புதிதாக ஒன்றைக் கற்றாய். அதற்கு இடம் வேண்டி, இங்கே கற்றதை வெளியே எறிந்துவிட்டாய்.

கட்டுரை அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேர நெடுநாள் ஆகவில்லை. யாரோ அதைத் தம் மொழியில் பெயர்த்துப் பகிர்ந்தார்கள். அந்த ஊரில் இசைப்பள்ளி ஒன்றுதான். பியானோ கற்பித்து ஓய்வுபெற்று, மகனைத் துபாய்க்கு அனுப்பியவர் ஒருவர்தான். அதிகாரி ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். மிகவும் பண்பானவராம். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தேநீர் அருந்தி, உங்கள் மகன் எப்போது வருவார், வந்தால் அவரோடு சற்றுப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதெல்லாம் பின்னாளில் அண்டை வீட்டுப் பெண் சொல்லித்தான் அந்திரேய்க்குத் தெரிந்தது. தாய் தொலைபேசியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "இந்தக் கோடையில் வராதே. வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். உனக்குப் படுக்க இடம் இருக்காது" என்றாராம். அந்திரேய் அதை எனக்குச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த கோடை வந்தது. இன்னும் பூசி முடியவில்லை என்றார் தாய். ஆட்கள் சரியில்லை, மெதுவாகச் செய்கிறார்கள் என்றார். அவரை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். பியானோவை விட்டுவிட்டு வர மாட்டார், பாலைவனத்தில் அது சுருதி இழந்துவிடும் என்பார் என்றார் அந்திரேய். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதிகாரி வந்தது தெரிந்த அன்று உன்னோடு தொலைபேசியில் நான் இட்ட பூசலை உன் அம்மா இன்னும் மறக்கவில்லை. "நான் பேரை மாத்திட்டேன்லப்பா. எடிட்டர், லாயர் எல்லாரும் செக் பண்ணாங்க" என்றாய். ஊரை மாற்றினாயா என்றேன். "டீட்டெய்ல் இல்லாட்டி யாரு நம்புவா?" என்றாய். பிறகு, அவர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசிவிட்டால் உலகின் பார்வை அவர் மேல் விழும், அதுவே அவருக்குக் காப்பு என்றாய். அமெரிக்காவில் அடைக்கலம் கோரலாம், நீயே உதவுவாய் என்றாய். உன் குரலில் இருந்த நல்லெண்ணம்தான் என்னை அச்சுறுத்திற்று. நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் உன்னைத் திருத்தலாம் என்று நம்பியிருப்பேன். அவர் எதற்கு அடைக்கலம் கோர வேண்டும்? அவர் கேட்டது அடைக்கலம் அன்று. கோடையில் தம் தாயின் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டும் உரிமை. அது அவரிடம் இருந்தது. கொடுங்கோலர்கள்கூட அதை விட்டுவைத்திருந்தார்கள். உன் நல்லெண்ணம் அந்த வழியில் வந்து நின்றது. கதவை மூடியவர்கள் அவர்களேதாம். அந்தப் பழியை உன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் எந்தக் கதவை மூட வேண்டும் என்று அவர்களுக்குக் கைகாட்டியது உன் எழுத்து.

இப்போது நீ அறியாததைச் சொல்கிறேன். உயர்பதவிச் செய்தியோடு நீ மகிழ்ந்திருக்கையில் இதைச் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா தடுத்தாள். அந்தத் தாய் இறந்துவிட்டார். இந்த இலையுதிர் காலத்தில், நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல், நாற்காலியில் அமர்ந்தபடியே. செய்தி வந்தபோது அந்திரேய் பட்டறையில் ஒரு மின்தூக்கியின் கதவைச் சீர்செய்துகொண்டிருந்தார். போகலாமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் முற்பகலில் அண்டை வீட்டுப் பெண் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து அடக்கத்தைக் காட்டினாள். முத்துராமன் சாணை இயந்திரத்தை நிறுத்தினான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லா இயந்திரங்களும் நின்றன. மூடாத பேழையில் தாயின் முகம். கிரீஸ் படிந்த கையை உடையில் துடைத்துக்கொண்டே, அந்திரேய் திரையைத் தொடாமல், நிமிர்ந்து நின்று பார்த்தார். எங்கள் ஆட்கள் தலைக்கவசங்களைக் கழற்றிவிட்டு அவரைச் சூழ்ந்து நின்றார்கள். முடிந்ததும் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார். "ஹலாஸ்" என்றார், முடிந்தது என்று. மறுபடியும் கதவின் பக்கம் போனார். முத்துராமன் அவர் கையிலிருந்த கருவியை வாங்கி வைத்துவிட்டு, "பாய், இன்னைக்கு டியூட்டி மாஃபி, வேலை கிடையாது. வாங்க, ரூமுக்குப் போலாம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனான்.

சில நாள் கழித்து என் அறைக்கு வந்து அமர்ந்தார். உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார். நலம் என்றேன். பிறகு, தம் தாய் அக்கட்டுரையைப் படித்தார் என்ற செய்தியைச் சொன்னார். அந்த அண்டை வீட்டுப் பெண் படித்துக் காட்டினாளாம். அவர் சினம் கொள்ளவில்லையாம். நன்றாக எழுதுகிறான், நல்ல மொழி என்றாராம். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அவ்வளவு அழகாக என் மொழியைப் பேசிய பிள்ளை, என்னை ஏன் அறிவிலி என்று எழுதினான்?" இதை உன் மீதான குற்றச்சாட்டாக அந்திரேய் சொல்லவில்லை, விடை தெரிந்தால் சொல்லுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். முப்பதாண்டுகள் மேடையில் சொல்லுக்குத் தட்டுப்பாடு அறியாதவன், மகனே, அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இந்த மடலை அச்சுக்குக் கொடுக்குமுன் இதில் உள்ளதை அவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லி இசைவு கேட்டேன். எழுதுங்கள், இனி அங்கே தட்டுவதற்கு எங்களுக்கு ஒரு கதவு இல்லை என்றார். உன்னிடம் இதை உன் அம்மா தொலைபேசியில் வாசித்துக் காட்டுவாள். என் தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் தமிழாகிவிட்டது. அல்லது நீ பொறுமையிழந்து இதை ஏதேனும் மொழிபெயர்ப்புப் பொறியில் இடுவாய். அது சொல்லுக்குச் சொல் சரியாகவே தரும். அதில் ஒரு முதியவர் இருப்பார். வளைகுடாவின் அச்சத்தில் ஊறியவர், கொடுங்கோன்மைக்குப் பரிந்து பேசுகிறவர். அதிலிருந்து நீ ஒரு நல்ல கட்டுரை எழுதிவிட முடியும். இதை எழுதுவதால் எதுவும் மாறும் என்று நான் நம்பவில்லை. உன் நாடு அந்த நாட்டைப் படிக்காது. அந்த நாடு தன் மக்களைப் படிக்காது. நாம் வானிலையைப் பேசிக்கொண்டே இருப்போம். நீ வா. உன் அம்மா காத்திருக்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் என்னிடம் கேட்காதே. நான் அவரிடம் கேட்க மாட்டேன்.

அவரே உனக்கு ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். அதைச் சேர்ப்பது என் கடமை. அன்று என் அறையில், எழுந்து போகுமுன், அண்டை வீட்டுப் பெண் அனுப்பிய ஒரு காணொலியைக் காட்டினார். வீட்டை ஒழிக்குமுன் ஒவ்வோர் அறையாக எடுத்திருந்தாள். பியானோ. அதன் மேல் கண்ணாடிக் குவளைகள், தந்தையின் ஆலையில் வந்தவை. சுவர்களில் வண்ணமே இல்லை. பழைய பூப்போட்ட சுவர்த்தாள், ஓரங்களில் கிழிந்து, குழாய் கசிந்த இடத்தில் பழுப்பேறி, பல ஆண்டுகளாக யாரும் தொடாத சுவர். படம் கீழே இறங்கியபோது பியானோவின் காலருகே ஒரு வண்ணப்பூச்சு வாளி இருந்தது. மூடி திறக்காதது. அதன் மேல் ஒரு புதுத் தூரிகை. தொலைபேசியில் மகனுக்குச் சொன்னதை யாரேனும் வந்து சரிபார்த்தால் காட்டுவதற்காக, அந்த அறிவிலித் தாய் வாங்கி வைத்திருந்தது. அந்திரேய் படத்தை அங்கே நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்கள் மகனிடம் சொல்லுங்கள். வண்ணம் பூசும் வேலை முடிந்துவிட்டது."

உன் அப்பா.